ஸ்டெல்லாவின் நான்கு விளக்குகள்

விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற பெண், ஜொகூருக்கு எதற்கு வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தங்கையைப் பார்க்க என்றேன். எத்தனை நாள் என்றாள். ஆறு நாள் என்றேன். அதோடு விட்டுவிட்டாள். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. என் தங்கை உடம்புக்குள் இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்பதை எந்த மொழியில் சொன்னாலும் உள்ளே விடமாட்டார்கள்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. விசில் ஊதியே தொண்டை கெட்டுப்போனவள். எனக்கு இதமாகப் பேச வராது. ஸ்டெல்லா என்னைவிட ஒன்பது வயது இளையவள். கல்யாணமாகி மலேசியாவில் பண்டார் தெங்காராவுக்குப் போனாள். அங்கே மாதா கோயிலில் பாடகர் குழுவை அவள்தான் நடத்தினாள். ஏழு மாதத்துக்கு முன்னால் மூளையின் அடித்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து கை, கால், வாய் எதுவும் அசையவில்லை. இமை மட்டும் திறக்கும், மூடும். சிமிட்டச் சொன்னால் ஒரு நாள் சிமிட்டுவாள், நான்கு நாள் சிமிட்டமாட்டாள். நினைவு இருக்கிறது என்றும் டாக்டர்கள் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவள் புருஷன் அந்தோணி போன வாரம் போனில் கூப்பிட்டு ஒரு ஆராய்ச்சி என்றான். மூளை, கம்ப்யூட்டர், இசை என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னான். எனக்குக் கோபம்தான் வந்தது. படுத்துக் கிடக்கிறவளை வைத்து யாரோ பட்டம் வாங்கப் பார்க்கிறார்கள் என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகு அவன் மீதியைச் சொன்னான். மொத்தம் மூன்று அமர்வு. இரண்டு முடிந்துவிட்டது. இரண்டிலும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதிலும் வரவில்லை என்றால் அவளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். உணர்வுக்கு அடையாளம் இல்லை என்று காகிதத்தில் எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். மூன்றாவது அமர்வு வியாழக்கிழமை என்றான். பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தோணி காரோடு நின்றான். முன்னைக்குப் பாதியாக இருந்தான்.

"வாங்கக்கா. பசியாறிட்டீங்களா?" என்றான்.

இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் சொல்கிறார்கள். ஊரில் நாம் இந்தச் சொல்லைத் தொலைத்துவிட்டு டிபன் என்கிறோம். மாமாக் கடை என்று தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடை ஒன்றில் நிறுத்தினான். ரொட்டி சானாய் என்று ஒன்று வந்தது. நம் ஊர் பரோட்டாவின் பணக்காரத் தம்பி. மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை. டீயில் பாலுக்குப் பதில் டின் பால். இரண்டு வாய் குடித்தால் பல் கூசுகிறது. பக்கத்து மேசையில் நான்கு பேர் மூன்று மொழியில் கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தமிழில் ஆரம்பித்து, மலாயில் திட்டி, ஆங்கிலத்தில் முடித்தான்.

ஆராய்ச்சியில் என்னதான் செய்கிறார்கள் என்று அந்தோணியைக் கேட்டேன். அவன் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். இயந்திரத்தைப் பற்றி ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவன். தலையில் கம்பி வைத்த தொப்பி ஒன்று மாட்டுவார்கள். முன்னால் நான்கு விளக்குகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் சிமிட்டும். எந்த விளக்கின்மேல் மனம் நிற்கிறதோ அந்த வேகம் பின்மண்டைக் கம்பியில் தெரியும். ஒரு விளக்குக்கு ஒரு மெட்டு. அவள் விளக்கைத் தேர்ந்தெடுத்தால் அந்த மெட்டு திரையில் வரும், அதைப் பார்த்து ஒருவர் வயலின் வாசிப்பார். அவள் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க அது ஒரு பாட்டாக வளரும்.

"அப்புறம் ஒரு டப்பா இருக்குக்கா. அதுல பூஞ்சை வளக்குறாங்க. வயலினுக்கு அது கீபோர்டுல பதில் வாசிக்கும்."

"பூஞ்சையா?"

"ஓட்ஸ் தின்னுமாம்."

நான் டீ கிளாஸைத் தள்ளி வைத்தேன். என் தங்கைக்குப் பூஞ்சை வைத்தியமா என்று கேட்டதில் கால்பந்து மேசை திரும்பிப் பார்த்தது. அந்தோணி தலையைக் குனிந்துகொண்டு, அவங்க நல்லவங்கதான்லா, சண்டை மட்டும் போட்டுறாதீங்கக்கா என்றான்.

வழியெல்லாம் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். ஒரு மணி நேரம் ஒரே மரம். நம் ஊரில் ஒரு மணி நேரம் போனால் வாழை, புளி, வேலம், மலை, செங்கல் சூளை எல்லாம் பார்த்துவிடலாம். இங்கே கார் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

ஸ்டெல்லா முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததா, என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்ததா, தெரியாது. பகலில் அவளைக் கவனிக்க நூர் என்ற மலாய்க்கார அம்மா வருகிறாள். ஓய்வுபெற்ற தாதி. தோட்டத்துப் பக்கம் வளர்ந்ததால் தமிழ் கொஞ்சம் பேசுகிறாள். நான் கட்டிலருகில் நிற்பதைப் பார்த்து, மக்கான் டூலுலா, அக்கா, மொதல்ல சாப்பாடு, அப்புறம் அழுகை என்று என் கையில் தட்டைத் திணித்தாள். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, வேர்க்கடலை, சம்பல் என்று ஒரு மிளகாய்த் துவையல். காரத்தில் கண் கலங்கியது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

திங்கள் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிமிட்டு, சிமிட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் இரண்டு தரம் சிமிட்டினாள். மத்தியானம் ஒன்றுமில்லை. நான் கெஞ்சினேன், அதட்டினேன், மைதானத்தில் பிள்ளைகளிடம் எண்ணுவதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். சாயங்காலம் என் கண்தான் துடிக்க ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை ஆராய்ச்சி செய்கிற பெண்ணைப் பார்த்துவிடுவது என்று ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினேன். குலாய் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. இந்த பஸ்களில் கண்டக்டர் கிடையாது. நம் ஊரில் கண்டக்டர் ஸ்டாப் பெயரைச் சொல்லிக் கத்துவார், இறங்காவிட்டால் நம்மையும் சேர்த்துத் திட்டுவார். இங்கே டிரைவர் கண்ணாடியைப் பார்த்தபடி ஓட்டுகிறார். எங்கே இறங்குவது என்று தெரியாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். பஸ் ஒரு பெரிய கட்டடத்துக்குள் போய் நின்றது. மொத்தக் கூட்டமும் இறங்கி ஓடியது. நானும் ஓடினேன். மாடிப்படி, நடைபாதை, மறுபடி மாடிப்படி. எல்லாரும் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது சிங்கப்பூர் போற வழி. நீங்க வேலைக்குப் போறீங்களா?" என்றான். இன்னும் பத்து அடி வைத்திருந்தால் நாட்டைவிட்டே போயிருப்பேன். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் முட்டிமோதித் திரும்பி வந்தேன். வெளியே மழை கொட்டியது. டாக்ஸி பிடித்துப் போய்ச் சேரும்போது செருப்பு சொதசொதவென்று இருந்தது, கோபமும் முழுசாக இருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் பிரமிளா. முப்பத்தைந்து வயது இருக்கும். பாட்டுக்கு மெட்டமைக்கிறவள், கம்ப்யூட்டரும் படித்தவள். மறுவாழ்வு மையத்தின் பின்பக்கத்தில் ஒரு அறை. மேசைமேல் அந்த டப்பா. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கோந்தை ஊற்றியதுபோல மஞ்சளாக ஒன்று கிளைகிளையாகப் படர்ந்திருந்தது.

"பூஞ்சை இல்ல ஆன்ட்டி, பூஞ்சை மாதிரி ஒண்ணு. மின்சாரம் விட்டா, முன்னாடி என்ன விட்டோம்னு ஞாபகம் வச்சு அதுக்கேத்த மாதிரி பதில் குடுக்கும். சாதாரண சிப் அப்படிச் செய்யாது. அதான் இதுல கம்ப்யூட்டர் செஞ்சு பாக்குறோம்."

"அதுக்கு ஞாபகம் இருக்கா இல்லையான்னு அப்புறம் பாரும்மா. என் தங்கச்சிக்கு இருக்கான்னு சொல்லு."

அவள் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, துண்டு கொடுத்து, இரண்டு அமர்வின் வீடியோவையும் போட்டுக் காட்டினாள்.

தொப்பியோடு ஸ்டெல்லா சாய்ந்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது. வயலினோடு ஒருவர் தயாராக நிற்கிறார். ஒரு மாதா பாட்டு ஆரம்பிக்கிறது. ஸ்டெல்லாவின் கண் மூடுகிறது. பாட்டு முடிந்ததும் விளக்குகள் சிமிட்டுகின்றன, நான்கு மெட்டுகள் மாறி மாறி ஓடுகின்றன. கண் திறக்கவேயில்லை. இருபது நிமிடம். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: உறங்கிவிட்டார். இரண்டாவது வீடியோவும் அப்படியே.

பிரமிளா விளக்கினாள். இங்கே தமிழர்கள் எந்த நிகழ்ச்சியையும் இறைவணக்கம் பாடித்தான் தொடங்குவார்கள். ஸ்டெல்லா கோயிலில் பாடியவர் என்று அந்தோணி சொன்னாராம். அதனால் மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு மாதா பாட்டைத் தேடிப் பிடித்து முதலில் போட்டாளாம். நான்கு மெட்டுகளையும் அதே பாட்டிலிருந்துதான் வெட்டி எடுத்தாளாம்.

இன்னொரு தரம் போடச் சொன்னேன். பாட்டின் முதல் வரியிலேயே கண் மூடுகிறது. தூக்கம் வருகிறவர்களுக்கு இமை கனத்து, செருகி, மெல்ல இறங்கும். இது கதவைச் சாத்துவதுபோலச் சாத்துகிறது.

"பாட்டு கடைசியில ஆமென் வருதா?" என்றேன்.

"அத வெட்டிட்டேன் ஆன்ட்டி. மெட்டு திரும்பத் திரும்ப ஓடணும்ல."

"தூங்கலடி அவ. செபம் பண்றா."

எங்கள் வீட்டில் மாலைச் செபத்தில் ஆமென் சொல்வதற்கு முன்னால் கண்ணைத் திறந்தால் அப்பா தலையில் குட்டுவார். நான் வாங்கிய குட்டுக்குக் கணக்கில்லை. ஸ்டெல்லா ஒன்றுகூட வாங்கவில்லை. பாடகர் குழுவிலும் அந்தச் சட்டத்தைத்தான் வைத்திருந்தாள் என்று அந்தோணி சொல்லிச் சிரித்திருக்கிறான். அவளிடம் ஆமென் இல்லாத பாட்டைப் போட்டுவிட்டு, கண்ணைத் திறந்து விளக்கைப் பார் என்றால் எப்படிப் பார்ப்பாள்?

பிரமிளா எழுந்து போய் மூளை அலைகளைத் திரையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, கண்ணை மூடினாலே ஒரு பெரிய அலை வரும், தூங்கும்போது வருவது வேறு மாதிரி, இதில் இருப்பது முதல் வகைதான், நாங்கள் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னாள். கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம் போலவும் இருந்தது. தண்ணீர்தான் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சாமி பாட்டே வேண்டாம் என்றேன். தெரிந்த பாட்டு எதுவுமே வேண்டாம். புதிதாக நான்கு மெட்டு தானே போடுவதாகவும் அதற்கு அனுமதி இருக்கிறது என்றும் பிரமிளா சொன்னாள். ஆனால் நான் நினைப்பதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். அன்றைக்கும் கண் மூடினால்? அந்தக் கேள்வியோடுதான் திரும்பி வந்தேன். புதன்கிழமை முழுக்க அவள் கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தோணி வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தான்.

வியாழன் பதினொரு மணிக்கு அறை எங்களுக்கு. ஒரு மணிக்கு வேறு நோயாளி. படுக்கை வைத்த வேனில் எட்டரைக்கே கிளம்பினோம். அரை மணி நேரத்தில் வேன் நின்றது. முன்னால் ஒரு லாரியின் பின்கதவு திறந்து செம்பனைக் குலைகள் ரோடு முழுக்கக் கொட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி கனம், மேலெல்லாம் முள். லாரி டிரைவர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டு நின்றார். நான் இறங்கி அவரைப் பார்த்துப் போட்ட சத்தம் மொழி தெரியாமலே அவருக்குப் புரிந்தது. அந்தோணி இறங்கி, லாரியில் கிடந்த குலை தூக்குகிற கொக்கியை எடுத்துக்கொண்டான். மோட்டார் பைக்கில் வந்த இரண்டு பேரும் கார்க்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள். நான் வெறுங்கையால் உருட்டினேன். அலமாக், அக்கா, கை, கை என்று நூர் வேனிலிருந்து கத்தினாள். ஒரு வேன் போகிற அளவுக்கு வழி விட ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். தொப்பி மாட்டி, பசை தடவி, கம்பிகளைச் சரிபார்க்க இன்னும் இருபத்தைந்து நிமிடம். வயலின்காரர் வேய் என்ற சீனர். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு என் கையிலிருந்து முள் எடுக்கச் சொல்லி ஒரு ஊசியைத் தந்தார். நான் எடுக்கவில்லை. ஸ்டெல்லாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரமிளா எந்தப் பாட்டும் போடவில்லை. நேராக விளக்குகளைப் போட்டாள். ஒவ்வொரு மெட்டையும் ஒரு தரம் கேட்கவைத்தாள். எட்டு சுரம், எட்டு சுரமாக நான்கு. கேட்டதாக ஞாபகம் வராத மெட்டுகள்.

கண் திறந்தேயிருந்தது.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பத்து நிமிடம். திரையில் கோடுகள் நெளிந்தன. விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பேன். திடீரென்று திரையில் இரண்டாவது மெட்டு வந்தது. வேய் வாசித்தார். டப்பாவோடு இணைத்த கீபோர்டு தானாக ஏதோ முனகியது. மறுபடி இரண்டாவது. பிறகு மூன்றாவது.

பிரமிளா ஸ்டெல்லாவின் காதருகில் குனிந்து, நாலாவது விளக்கைப் பாருங்கக்கா என்றாள். நாங்கள் காத்திருந்தோம். நான்காவது வந்தது. முதலாவது என்றாள். முதலாவது வந்தது. மறுபடி நான்கு என்றாள். தாமதமானது, ஆனாலும் நான்குதான் வந்தது. அந்தோணி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

அவள் இருந்தாள். ஏழு மாதமாக உள்ளேயே இருந்திருக்கிறாள்.

அதன்பிறகு பிரமிளா அவள் இஷ்டத்துக்கு விட்டாள். கொஞ்ச நேரம் ஒரு பாட்டு நடந்தது. மற்றவர்கள் அழகு என்றார்கள். எனக்கு இசை தெரியாது. அந்த மஞ்சள் பிசினிடம் எனக்கு இன்றைக்கும் மரியாதை வரவில்லை. மணி பன்னிரண்டு ஐம்பது. இதை வைத்து ஆமாம், இல்லை சொல்லலாமே, நான் கேட்கிறேன், அவள் சொல்லட்டும் என்றேன். பிரமிளா முகம் மாறியது.

"முடியாது ஆன்ட்டி. இசைக்கு மட்டும்தான் அனுமதி வாங்கியிருக்கோம். நோயாளிகிட்ட கேள்வி கேக்கணும்னா தனியா எழுதிக் குடுக்கணும். மாசக்கணக்குல ஆகும்."

மாதக்கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. ஆனால் நான் கத்தவில்லை. கட்டிலின் மறுபக்கம் போய் நின்றேன். பிரமிளா என்னையும் கடிகாரத்தையும் பார்த்தாள். பிறகு பதிவு செய்கிற கேமராவை நிறுத்தினாள். அமர்வு முடிந்தது என்று ஆங்கிலத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். விளக்குகளை மட்டும் அணைக்கவில்லை. திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தோணி எழுந்து வந்தான். அவளிடம் கேட்க அவனுக்கு ஏழு மாதத்துக் கேள்விகள் இருந்திருக்கும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எனக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அடிபட்டு மைதானத்தில் விழுந்த பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பேனோ அதைத்தான் கேட்டேன்.

"ஸ்டெல்லா, எங்கயாச்சும் வலிக்குதா? வலிச்சா ஒண்ணாவது விளக்கு. இல்லன்னா நாலாவது."

கேட்டு முடிக்கும் முன்னே வந்ததுபோல இருந்தது. முதல் மெட்டு. வேய் வாசித்து நிறுத்தினார்.

காலா என்றேன். நான்காவது. முதுகா? நான்காவது. வலது கையா? நான்காவது. இடது தோளா என்றேன். முதல் மெட்டு வந்தது. வேய் வாசித்து முடிப்பதற்குள் மறுபடி முதல் மெட்டு. மறுபடியும்.

நூர் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோடு தெரியட்டும், நாலு ஆள் முகம் பார்க்கட்டும் என்று தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்தவள் அவள்தான். நானும் திங்கட்கிழமை அந்தப் பக்கம் திருப்பித்தான் சிமிட்டச் சொல்லி அதட்டினேன்.

நூர் ஸ்டெல்லாவின் இடது கையைத் தொட்டுப் பார்த்தாள். தோள்மூட்டு கீழே இறங்கியிருந்தது. இரண்டு விரல் நுழைகிற பள்ளம். கையைத் தூக்கி, அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தாள். இப்பவும் வலிக்குதா என்றேன். முதல் மெட்டு. துண்டை எடுத்துவிட்டுத் தலையணை வைத்தாள். முதல் மெட்டு. கதவுக்கு வெளியே அடுத்த நோயாளியின் சக்கர நாற்காலி வந்து நின்றது. யாரும் திரும்பவில்லை. நூர் தலையணையை இரண்டாக மடித்து, முழங்கையையும் சேர்த்துத் தாங்கும்படி உள்ளே தள்ளினாள்.

"இப்ப?"

வேய் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி திரையைப் பார்த்திருந்தார். கோடுகள் நெளிந்தன. பிறகு அவர் நான்காவது மெட்டை முழுசாக வாசித்தார், அவசரப்படாமல். நூர் தலையணையிலிருந்து கையை எடுக்கவில்லை.